டிஸ்லெக்சியா சிறப்பாசிரியராகவும் மதிப்பீட்டாளராகவும் பணியாற்றுவது: அனுபவம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொடக்க வகுப்புகளில் 9 ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறேன். கதை சொன்னால் கண் விரியக் கேட்டு, கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டு, அதே கதையைப் புத்தகத்தில் பிரித்துக் கொடுத்ததும் முதல் வரியிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒருவராவது என் வகுப்பில் இருக்கிறார்கள். இந்த ஆண்டும் அப்படி ஒரு மாணவன் இருக்கிறான். சோம்பல் என்றும் விளையாட்டுப் புத்தி என்றும் பிறர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அது வேறு என்ன என்று எடுத்துச் சொல்லும் அறிவும் என்னிடம் இல்லை. பணியில் சேர்ந்த புதிதில் இத்தகைய பிள்ளைகளை ஒவ்வொரு பிழைச் சொல்லையும் பத்து முறை எழுதிவரச் சொன்னதைத் தவிர நான் வேறெதுவும் செய்ததில்லை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே டிஸ்லெக்சியா (அறிவுக் குறைவு இல்லாதபோதும் படிப்பதிலும் எழுதுவதிலும் தொடரும் சிரமம்) உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் அவர்களை மதிப்பீடு செய்யவும் முறையாகப் பயிற்சி பெற எண்ணியிருக்கிறேன். அன்றாடத்தில் இந்தப் பணி எப்படியிருக்கும், சோதனைத் தாள்களோடும் எண்களோடும் காலம் கழிந்துவிடுமா, கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் ஒருவராகவே இருப்பது சரியா என்பவற்றைத் துறையில் இருப்பவர்களிடமிருந்தே அறிய விரும்புகிறேன்.

---

ஓலைச்சுவடி எழுதியது:

வணக்கம். 17 ஆண்டுகளாக இந்தப் பணியில் இருக்கிறேன். முதல் ஐந்தாண்டுகள் கற்பித்தல் மட்டும். பிறகுதான் மதிப்பீடும் சேர்ந்துகொண்டது. சோதனை நடத்தும் நேரம் இந்தப் பணியில் ஒரு சிறு பகுதிதான். முழு மதிப்பீடு ஒன்றில் பிள்ளையுடன் உட்கார்வது இரண்டு அல்லது மூன்று மணி நேரம். அதற்கு முன்பு பெற்றோரிடமும் வகுப்பாசிரியரிடமும் கேட்டறிவதும், பின்பு கிடைத்ததை ஆராய்ந்து அறிக்கை எழுதுவதும் அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்.

பிள்ளை எப்போது பேசத் தொடங்கியது, சிறு வயதில் காதில் அடிக்கடி தொற்று வந்ததா, எந்தெந்த மொழிகளைக் கேட்டு வளர்ந்தது, பள்ளிப் படிப்பு இடையில் தடைபட்டதா, கண் பார்வையும் செவித்திறனும் சோதிக்கப்பட்டனவா என்பவற்றை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது படிப்பதில் சிரமம் இருந்ததா என்று கேட்கும்போது மட்டும் என் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். டிஸ்லெக்சியா மரபுவழி வரக்கூடியது. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த தந்தை ஒருவர், "எனக்கும் இப்படித்தான் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை" என்று தரையைப் பார்த்தபடி சொல்லும் தருணம் என் அறையில் எத்தனையோ முறை நிகழ்ந்திருக்கிறது.

சோதனைகளில் நாங்கள் தேடுவது மதிப்பெண்ணை மட்டுமன்று, பிழையின் வடிவத்தையும்தான். பொருளற்ற சொற்களைப் படிக்கச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய சொல்லை அதன் உருவத்தை நினைவில் வைத்தே ஒரு பிள்ளை சொல்லிவிடலாம். ஆனால் 'தொமிலை' என்று நான் எழுதிக் காட்டும் சொல்லை அது இதற்கு முன் எங்கும் கண்டிராது என்பதால், எழுத்தை ஒலியாக மாற்றி, ஒலிகளைக் கோத்துத்தான் படித்தாக வேண்டும். அதைத் 'தொல்லை' என்று சட்டெனப் படிக்கும் பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறது. 'தொ... மி... லை' என்று கூட்டிவிட்டு, சேர்த்துச் சொல்லும்போது 'மொதிலை' என்று மாற்றிச் சொல்லும் பிள்ளைக்கு எழுத்து தெரிகிறது. ஆனால் ஒலிகளை அதே வரிசையில் நினைவில் நிறுத்த இயலவில்லை. மதிப்பெண் தாளில் இரண்டுக்கும் சுழியம்தான் விழும். ஆனால் கற்பிக்கும்போது இவ்விருவருக்கும் தொடங்க வேண்டிய இடம் வேறு வேறு.

ஒலியுணர்வைச் சோதிப்பதும் அப்படியே. 'மாடு' என்ற சொல்லில் 'ம்' என்னும் ஒலியை மட்டும் நீக்கினால் என்ன மிஞ்சும் என்று வாய்மொழியாகக் கேட்பேன். 'ஆடு' என்று சொல்ல, மெய்யையும் உயிரையும் தனித்தனியாகக் கேட்கும் செவி வேண்டும். பல பிள்ளைகள் 'டு' என்பார்கள். 'மா' அவர்களுக்குப் பிரிக்க முடியாத ஒரே ஒலி. தமிழ் எழுத்தே உயிரையும் மெய்யையும் சேர்த்து ஓர் எழுத்தாகக் காட்டுவதால், சிறு வயதில் இப்படிச் சொல்வது இயல்பு. அதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா என்று முடிவுகட்டுவது தவறு. கற்பித்த பிறகும் நெடுநாள் பிரியாமல் இருந்தால்தான் அது பொருள் தரும் செய்தி. இவை தவிர, வரிசை வரிசையாக அச்சிட்ட எண்களையும் பொருள்களின் படங்களையும் எவ்வளவு விரைவாகப் பெயர் சொல்லிக் கடக்க முடிகிறது என்று பார்ப்போம். சொன்ன எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். எழுத்துப் பிழைகளையும் எழுதும் வேகத்தையும் பார்ப்போம். சொல்வளத்தையும் படங்களை வைத்துச் சிந்திக்கும் திறனையும் தனியே அளப்போம்.

எண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான சோதனைகளில் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கும் என்பதன் அளவு) 15 என்று வைத்திருப்பார்கள். 85 முதல் 115 வரை உள்ள பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அடங்குவர். ஆனால் எந்தச் சோதனையும் பிழையற்றதன்று. 84 வாங்கிய பிள்ளைக்கும் 86 வாங்கிய பிள்ளைக்கும் உண்மையில் வேறுபாடு இல்லை. ஒரு நாள் தூக்கமின்மை அந்த இரண்டு எண்களையும் இடம் மாற்றிவிடக்கூடும். அதனால் மதிப்பெண்ணை ஒற்றைப் புள்ளியாகக் கொள்ளாமல், உண்மை இந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற வரம்போடுதான் எழுத வேண்டும். டிஸ்லெக்சியாவுக்குக் கூர்மையான எல்லைக்கோடு எதுவும் கிடையாது. அது மிதமாகத் தொடங்கிக் கடுமை வரை படிப்படியாக நீள்கிறது. அறிவுத்திறன் எண்ணுக்கும் வாசிப்புத் திறனுக்கும் பெரிய இடைவெளி இருந்தால்தான் டிஸ்லெக்சியா என்ற பழைய விதியும் இன்று கைவிடப்பட்டுவிட்டது. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் பதிப்பு வகைப்பாடு அந்த இடைவெளியைக் கேட்பதில்லை. தக்க உதவி அளித்தும் சிரமம் 6 மாதங்களுக்கு மேல் நீடிக்கிறதா, பார்வை, செவி, போதிய கற்பித்தல் இல்லாமை போன்றவை காரணமில்லை என்று உறுதியாகிறதா என்றே அது கேட்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு மொழியில் உருவான சோதனையை நாமே மொழிபெயர்த்து நடத்திவிட்டு, மூல நூலின் அட்டவணையைப் பார்த்து மதிப்பெண் எழுதுவது பெரும் பிழை. அந்த அட்டவணை வேறு பிள்ளைகளை, வேறு எழுத்து முறையில் அளந்து உருவானது. மொழிபெயர்த்த சோதனையிலிருந்து பிழைகளைப் பற்றிய குறிப்புகளை எடுத்துக்கொள்ளலாம். எண்ணை எடுக்கக் கூடாது.

இரண்டு பணிகளும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாள்தோறும் கற்பிக்காத மதிப்பீட்டாளர் எழுதும் அறிக்கையில் பரிந்துரைகள் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோலவே இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

---

மெல்லெழுத்து எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். இரண்டும் தெரிந்தவராக இருப்பது நன்று. ஆனால் தாம் கற்பிக்கும் பிள்ளையின் முன்னேற்றத்தைத் தாமே அளப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் என்னிடம் படித்த ஒரு பெண்ணை மறுமதிப்பீடு செய்ய உட்கார்ந்தபோது, விதிப்படி அடுத்த சொல்லுக்கு நகர வேண்டிய நேரம் கடந்தும் நான் காத்துக்கொண்டிருப்பதை நானே உணர்ந்தேன். அவள் உதடுகள் அந்தச் சொல்லை நெருங்கிக்கொண்டிருந்தன. என் கை தாளைத் திருப்ப மறுத்தது. அந்தச் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு, சில மாதங்கள் கழித்து வேறொருவரிடம் அனுப்பினேன். சோதனையில் வரும் சொற்களை எந்தக் காரணம் கொண்டும் பாடத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அப்படிச் செய்தால் அந்தக் கருவி அந்தப் பிள்ளைக்குப் பயனற்றுப்போகும்.

கற்பித்தலைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இதில்தான் என் நாள்கள் கழிகின்றன. 1920-களில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவரோடு இணைந்து அன்னா கில்லிங்கம் என்ற கல்வியாளர் பெஸ்ஸி ஸ்டில்மன் துணையோடு 1930-களில் ஒரு கற்பித்தல் கையேட்டை உருவாக்கினார். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, வாயால் சொல்லி, கையால் எழுதி என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இணைப்பதும், எளியதிலிருந்து அரியதற்கு ஒரு படியும் விடாமல் ஏறுவதும், எதையும் பிள்ளை தானாகப் புரிந்துகொள்ளும் என்று விட்டுவிடாமல் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பதும் அதன் அடிப்படை. இன்று நடைமுறையில் உள்ள பல முறைகள் அதன் வழிவந்தவை. முறையாக, வரிசைப்படி ஒலியையும் எழுத்தையும் இணைத்துக் கற்பிப்பதற்கான சான்று வலுவாக உள்ளது.

அந்தக் கையேடுகள் ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை. தமிழ் கற்பிக்கும்போது நாம் நம் எழுத்தைப் பார்த்துச் சிந்திக்க வேண்டும். 'கொ' என்பதைக் கவனியுங்கள். கண் முதலில் காண்பது கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க்'. அதற்குப் பின் ஒரு கால் வேறு வருகிறது. ஆக ஓர் உயிரொலியின் குறி இரண்டாகப் பிளந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. கண்ணின் வரிசையும் வாயின் வரிசையும் வேறுபடும் இந்த இடத்தில் மற்றப் பிள்ளைகள் சில வாரங்கள் தடுமாறிக் கடந்துவிடுவார்கள். நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் நிற்பார்கள். ஆகவே கொம்பு, கால், மெய் மூன்றையும் தனித்தனி அட்டைகளாக வெட்டி, 'க்' அட்டையை முதலில் வைத்து ஒலித்து, பிறகு இருபுறமும் மற்றவற்றை நகர்த்தி வைக்கச் செய்வேன். குறில் நெடிலுக்கு மாத்திரைக் கணக்கே போதும்: குறிலுக்கு மேசையில் ஒரு தட்டு, நெடிலுக்கு ஒரு தட்டும் ஓர் இழுப்பும். தட்டிக்கொண்டே சொல்லி, சொல்லிக்கொண்டே எழுதும்போது 'கல்' என்பதும் 'கால்' என்பதும் கையிலும் வேறுபடுகின்றன.

247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்பிக்கச் செய்து, பிறகு சொற்களுக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ப, ட, ம ஆகிய மூன்றோடு புள்ளியையும் கற்றுவிட்டால் 'படம்', 'மடம்', 'பட்டம்', 'மட்டம்' எல்லாம் படிக்கக் கிடைத்துவிடுகின்றன. நான்கு சொற்களைத் தானே படித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அட்டவணைக்குத் திரும்பிப் போக மாட்டார்கள். கற்றுக்கொண்டதை மூன்று வகுப்புகளில் தொடர்ந்து தயக்கமின்றிச் சொன்னால்தான் அடுத்த எழுத்துக்கு நகர்வேன். ஒரே வாரத்தில் இரண்டு எழுத்து என்று வேகம் குறைந்தாலும் பெற்றோருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லிவிடுவேன். ண, ந, ன, ல, ள, ழ, ர, ற என்னும் மயங்கொலிகளை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்பிப்பதை மட்டும் தவிருங்கள். ஒன்று நன்றாக வேரூன்றிய பிறகே அதன் இணையைக் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று, தமிழில் மதிப்பீடு செய்பவர்கள் மறக்கக் கூடாதது. எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஒழுங்காக உள்ள மொழிகளில், இத்தாலியம், ஜெர்மன், ஃபின்னிஷ் போன்றவற்றில், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் பெரும்பாலும் சரியாகவே படிக்கிறார்கள். ஆனால் மிக மெதுவாகப் படிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழிலும் நான் காண்பது அதைத்தான். பத்து வயதுப் பிள்ளை ஒரு பத்தியைப் பிழையின்றிப் படித்துவிட்டதால் சிக்கல் இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள்; அந்தப் பத்திக்கு எவ்வளவு நேரமாயிற்று என்றோ, முடித்தபோது பொருள் மனத்தில் நின்றதா என்றோ யாரும் பார்ப்பதில்லை.

வண்ணக் கண்ணாடி, வண்ணத் தாள் ஆகியவற்றை வாங்கலாமா என்று பெற்றோர் உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். டிஸ்லெக்சியா கண்ணின் கோளாறன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவ, கண் மருத்துவ அமைப்புகள் 2009-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில், அவற்றுக்கும் கண் பயிற்சிகளுக்கும் போதிய சான்று இல்லை என்று தெளிவாகக் கூறியுள்ளன. எழுத்தை இடம் வலமாகத் திருப்பி எழுதுவதும் எழுதத் தொடங்கும் எல்லாப் பிள்ளைகளிடமும் காண்பது; அதை அடையாளமாகக் கொள்ள வேண்டாம்.

---

தாமதமாகத் தெரிந்தவன் எழுதியது:

நான் ஆசிரியரோ மதிப்பீட்டாளரோ அல்லன். 34 வயதில் மதிப்பீடு செய்யப்பட்டவன். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதுவது பயன்படலாம் என்று எண்ணி எழுதுகிறேன்.

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அறிவுக் குறைவோ பார்வைக் குறைவோ இல்லாத அந்தச் சிறுவனால் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க முடியவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் மிகக் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். எனக்கு மதிப்பீடு செய்த அம்மையார் இதை எனக்குச் சொன்னார். பள்ளியில் என்னைப் பற்றி இப்படி நினைத்த ஆசிரியர் ஒருவரும் இல்லை என்பதால் அந்தச் செய்தி என்னைவிட்டு அகலவே இல்லை.

வேலையில் வரும் ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று முறை படிப்பேன். கூட்டத்தில் எதையாவது உடனே படித்துக் கருத்துச் சொல்லச் சொன்னால், தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்துவிடுவேன். இவையெல்லாம் என் சோம்பல் என்றே 34 வயது வரை நம்பினேன். மதிப்பீட்டில் என் சொல்வளம் நூறு பேரில் முதல் பத்துக்குள்ளும், படிக்கும் வேகம் கடைசிப் பத்துக்குள்ளும் வந்தன. அம்மையார் அந்தத் தாளை உடனே என் கையில் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நான் எங்கெங்கே தடுமாறினேன், எங்கெங்கே நானே ஒரு வழி கண்டுபிடித்துக் கடந்தேன் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். நீளமான சொற்களை நான் மனத்துக்குள் அசை அசையாகப் பிரித்துப் படிப்பதை அவர் கண்டுபிடித்தபோது, யாருக்கும் தெரியாமல் இத்தனை ஆண்டுகள் நான் செய்த உழைப்பை ஒருவர் பார்த்துவிட்டார் என்றே தோன்றியது. அறிக்கையை எழுதிய பிறகு அதைப் படிக்கச் சிரமப்படுபவரிடமே இருபது பக்கத் தாளாக நீட்டாதீர்கள். வாயால் சொல்லுங்கள், முக்கியமானதை ஒரு பக்கத்தில் தாருங்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

---

கரும்பலகை எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பயிற்சியில் சேர்வதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அது முடியும்வரை இந்த மாணவன் காத்திருக்க முடியாது. இன்று ஓய்வு நேரத்தில் 'மாடு' என்பதில் 'ம்' ஒலியை நீக்கச் சொன்னேன், 'டு' என்றான். 'மா' என்பதை நான் இழுத்து 'ம்... ஆ...' என்று சொல்லிக் காட்டியதும் என் வாயையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, 'ஆடு' என்று சொல்லிச் சிரித்தான். மதிப்பீடு கிடைக்கும்வரை நான் என்ன செய்யலாம்?

---

ஓலைச்சுவடி எழுதியது:

அவன் செவி திறக்கத் தயாராக இருக்கிறது என்பதற்கு அந்தச் சிரிப்பு நல்ல அறிகுறி. அவன் சிரமத்துக்கு டிஸ்லெக்சியா என்று பெயர் சூட்டும்வரை கற்பித்தலை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. மெல்லெழுத்து எழுதியிருக்கும் முறையில் நாளுக்குப் பதினைந்து நிமிடம் இன்றே தொடங்குங்கள். பார்வையையும் செவித்திறனையும் சோதிக்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள். முன்னறிவிப்பின்றி வகுப்பின் முன் எழுந்து உரக்கப் படிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டு, மறுநாள் படிக்க வேண்டிய மூன்று வரிகளை முந்தைய நாளே அவனிடம் கொடுத்துவிடுங்கள். அறிவியலையும் கதையையும் அவன் கேட்டறியட்டும், வாய்மொழியாக விடை சொல்லட்டும். படிப்பு பின்தங்குவதால் அவனுடைய சொல்வளமும் பின்தங்கிவிடக் கூடாது.

அவன் எழுதும் சொல்வதெழுதுதல் தாள்களில் சிவப்பு மையால் திருத்தாமல், பிழைகளை அப்படியே விட்டுத் தேதியிட்டு ஓர் உறையில் போட்டு வையுங்கள். எந்த எழுத்தைக் கற்பித்தீர்கள், எத்தனை நாளில் பிடித்தான், எது மறுநாள் நழுவியது என்று தாளின் பின்புறத்தில் ஒரு வரி எழுதினால் போதும். மதிப்பிட வருபவர் என்னைப் போன்றவராக இருந்தால், சோதனைப் பெட்டியைத் திறப்பதற்கு முன் அந்த உறையைத்தான் கேட்பார்.